மணலை நிறுத்திய ஊர்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இருபத்திரண்டு ஆண்டுகளாக ரயில்வே சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதி வரும் ஒரு குமாஸ்தா, ஐரோப்பாவைப் பற்றி உங்கள் முன் பேச வந்திருப்பது எனக்கே வியப்பாக இருக்கிறது. நம் செயலாளர் அவர்கள் விடவில்லை. "போய் வந்தவர் நீர் ஒருவர்தாம், கண்டதைச் சொல்லும்" என்றார்கள். கண்டதை மட்டுமே சொல்லுகிறேன். விமான நிலையத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்லப் புகுந்தால் அதற்கே நேரம் போதாது, அதை விட்டுவிடுகிறேன்.

என் தமக்கையின் மகன் லித்துவேனியா நாட்டில் கிளைபேடா என்னும் துறைமுக நகரில், கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் பொறியாளனாக இருக்கிறான். பிள்ளைப் பருவத்தில் என் வீட்டிலிருந்து படித்தவன். "மாமா, ஒருமுறையேனும் வந்து பாருங்கள்" என்று மூன்று ஆண்டு வற்புறுத்திப் பயணச்சீட்டும் அனுப்பிவிட்டான். சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

தலைநகராகிய வில்னியசிலிருந்து கிளைபேடாவுக்கு ரயிலில் ஏறத்தாழ 4 மணி நேரப் பயணம். அகலப் பாதை என்று அவர்கள் சொல்வது 1520 மில்லிமீட்டர், நம்முடையதோ 1676. இதை நான் சொன்னபோது மருமகன் சிரித்தான். கிளைபேடாவுக்கு ரயில் வந்தது 1875ஆம் ஆண்டில். அக்காலத்தில் அது பிரஷ்ய நாட்டு நகரம். மேமல் என்பது அதன் பெயர்.

1252இல் ஜெர்மானிய வீரத்துறவியர் பால்டிக் கடலோரத்தில் கட்டிய கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. நெப்போலியனுக்குத் தோற்ற பிரஷ்ய மன்னன் மூன்றாம் பிரடெரிக் வில்லியம் தன் அரசி லூயிசுடன் வந்து ஒதுங்கியிருந்ததும் அங்கேதான். குடியானவர்களின் அடிமைத்தளையை நீக்கிய 1807ஆம் ஆண்டு ஆணை அவ்வூரிலிருந்தே பிறந்தது. 1854இல் பெருந்தீ நகரின் பெரும்பகுதியை உண்டது. 1923இல் லித்துவேனியாவின் கைக்கு வந்தது. 1939 மார்ச்சில் ஹிட்லர் பறித்துக்கொண்டான். 1945 ஜனவரியில் சோவியத் படை நுழைந்தபோது நகரில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எஞ்சியிருந்தனராம். இன்று அவ்வூரில் வாழ்வோரில் பெரும்பாலோர் அதன்பின் குடியேறியவர்களும் அவர்தம் வழியினரும் ஆவர். நாடக சபைத் திடலில் ஒரு நீரூற்றின்மேல் சிறுபெண் ஒருத்தியின் சிலை நிற்கிறது. 1605இல் அந்நகரில் பிறந்த சைமன் டாக் என்னும் கவிஞரின் நினைவாக 1912இல் வைத்தது. போரில் காணாமற் போனது. 1989இல் மீண்டும் செய்து வைத்தார்கள். மரச்சட்டங்களிடையே செங்கல் நிரப்பிய பழைய பண்டகசாலைகளும் அருகில் உள்ளன. சரக்குக் குமாஸ்தாவுக்கு வேறு என்ன கண்ணிற் படும்!

ஆனால் நான் சொல்ல வந்தது நகரைப் பற்றியன்று. துறைமுகத்திலிருந்து படகேறினால் சில நிமிடங்களில் எதிர்க்கரை. அக்கரையோ, 98 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மணல் நாக்கு. ஒருபுறம் பால்டிக் கடல். மறுபுறம் நன்னீர்க் காயல். மிகக் குறுகிய இடத்தில் அகலம் 400 மீட்டர்தான். வடபாதி லித்துவேனியாவுடையது, தென்பாதி ரஷ்யாவுடையது. நெரிங்கா என்னும் அரக்கமகள், மீனவர்க்கு இரங்கித் தன் மடியில் மணல் சுமந்து கொட்டி இக்கரையை ஆக்கினாள் என்று அங்குள்ளோர் கதை சொல்வர். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

பேருந்தில் 50 கிலோமீட்டர் தெற்கே நிடா என்னும் ஊருக்குச் சென்றோம். வழியெல்லாம் பைன் காடு. "மணல் எங்கேயடா?" என்றேன். "இந்தக் காட்டுக்கு அடியில்தான் மாமா" என்றான்.

பழங்காலத்தில் இங்கே இயற்கையான காடு இருந்தது. கப்பலுக்கும் விறகுக்கும் வெட்டினார்கள். 1756இல் தொடங்கிய ஏழாண்டுப் போரிலும் பெருமளவு அழிந்தது. வேர் போனதும் மணல் எழுந்தது. காற்று கடற்புறத்து மணலை வாரிக் காயற்புறம் தள்ள, குன்றுகள் நடக்கத் தொடங்கின. வயல், கிணறு, வீடு, கோயில், கல்லறை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு நடந்தன. பதினான்கு ஊர்கள் மணலில் மறைந்தன என்று கணக்குச் சொல்கிறார்கள். நிடாவும் பழைய இடத்தை விட்டு நகர்ந்து வந்த ஊரே. திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரியில் வளர்ந்தவன் நான். கொல்லாமரமும் பனையும் இல்லையேல் செம்மணல் என்ன செய்யும் என்பதைப் பாட்டி வாயாற் கேட்டிருக்கிறேன். ஆயினும் ஓர் ஊரின்மேல் ஒரு குன்று ஏறிவரும் என்பதை அங்கேதான் மனத்தால் கண்டேன்.

அதை நிறுத்தியது யார்? இங்கே நான் சற்று நிற்க விரும்புகிறேன். கோனிக்ஸ்பர்க் நகரிலிருந்து மேமலுக்குச் செல்லும் அஞ்சற்பாதை முன்னாளில் இந்த மணல்வழியே சென்றது. நிடாவில் குதிரை மாற்றும் நிலையம் ஒன்று இருந்தது. அதன் அதிகாரி குவெர்ட் என்பவர். அஞ்சற் பைகளுக்கும் குதிரைகளுக்கும் கணக்கு வைக்கும் மனிதர். நம்மைப் போன்றவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவரும் அவர் மகனும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரை அடுத்த மணலில் மரம் நடத் தொடங்கினர். அரசாங்கத்தின் பெருந்திட்டம் பின்னர் வந்தது. கடலோரம் நெடுகச் சுள்ளி வேலி கட்டினார்கள். காற்று கொணரும் மணல் அவ்வேலியில் தங்கித் தானே கரையாயிற்று. காற்றைக் கொண்டே காற்றைத் தடுத்தார்கள்! உட்புறக் குன்றுகளில் சுள்ளிகளைக் கட்டம் கட்டமாக நட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் குட்டைப் பைன் கன்றுகளை வைத்தார்கள். பிரான்ஸ் எஃபா என்னும் மணற்குன்று மேற்பார்வையாளர், 1904இல் இறந்தவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வேலைக்கே கொடுத்தார். குவெர்ட் தந்தைக்கும் மகனுக்கும் நிடாக் காட்டில் ஒரு நினைவுக்கல் உண்டு. நான் கும்பிட்டேன்.

எல்லாக் குன்றும் காடாகிவிடவில்லை. 50 மீட்டருக்கு மேல் உயர்ந்த பார்நிடிஸ் என்னும் வெறுமணற் குன்றில் ஏறினோம். ஒருபுறம் கடல், மறுபுறம் காயல், தெற்கே ரஷ்யப் பகுதி. மணலைக் கையில் எடுத்துப் பார்க்கலாமென்று மரப்படிப் பாதையை விட்டு இறங்கினேன். "மாமா, ஏறுங்கள், ஏறுங்கள்!" என்று மருமகன் கூவினான். மிதிக்க மிதிக்க மணல் சரிந்து குன்று தேய்கிறதாம். அங்கிருந்த மூதாட்டி ஒருவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

ஊருக்குள் வீட்டு முகடுகளில் வண்ணம் தீட்டிய காற்றுக்கொடிகள் சுழல்கின்றன. 1844இல் மீன்பிடி ஆய்வாளர் பேர்போம் என்பவர் ஒரு விதி செய்தார்: எந்த ஊர்ப் படகு எங்கே வலை வீசுகிறது என்று தொலைவிலேயே அறிய, ஊருக்கு ஒரு நிறக்கொடி பாய்மரத்தில் இருத்தல் வேண்டும். அலுவலக விதிதான். மீனவர்களோ அந்தக் கொடிக்குச் சட்டமிட்டு, வீடும் மரமும் மனிதரும் செதுக்கிக் கலையாக்கிவிட்டார்கள்.

அம்மீனவர் குர்ஷியர் எனப்படுவோர். லாட்விய மொழிக்கு நெருங்கிய ஒரு பேச்சு அவர்தம் வீட்டு மொழி. பள்ளியில் ஜெர்மன், கோயிலில் ஜெர்மனும் லித்துவேனியமும், படகிலும் அடுப்படியிலும் மட்டும் அது. போரின் முடிவில், 1944-45இல், அவர்களிற் பெரும்பாலோர் ஓடிப் போயினர். திரும்பிய சிலரும் பின்னர் ஜெர்மனிக்குச் சென்றனர். அயலில் சென்ற இடத்தில் பிள்ளைகள் ஜெர்மன் பேசினர். மணலிலிருந்து காத்த வீடுகள் நிற்கின்றன, கொடிகள் சுழல்கின்றன.

மணலில் மூழ்கிய ஊர்களில் கார்வைச்சியை என்பது ஒன்று. 1776இல் அங்கே பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்த ரேசா என்பவர், கோனிக்ஸ்பர்க்கில் பேராசிரியரானார். லித்துவேனியக் கவிஞர் டோனெலைடிசின் காவியத்தை 1818இல் முதன்முதலாக அச்சேற்றினார். 1825இல் லித்துவேனிய நாட்டுப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். ஊர் இருந்த திசையில் அவருக்கு மரத்திற் செதுக்கிய நினைவுச் சின்னம் நிற்கிறது. லித்துவேனியத்துக்கு ஒரு ரேசா கிடைத்தார். அடுப்படிப் பேச்சைக் கற்றோர் சிலர் குறித்து வைத்தனர். பேசுவோர்தாம் குறைந்துகொண்டே போயினர்.

ஊர் திரும்பி இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. கேட்டுக்கொண்டிருந்தவன், "அப்பா, அந்த மீன்காரர்கள் மணலுக்கு என்ன பெயர் சொல்வார்கள்?" என்றான். நிடாவில் இருந்த மூன்று நாளில் அம்மொழி பேசும் ஒருவரையும் நான் காணவில்லை என்றேன். அவன் அக்கேள்வியை இந்தியில்தான் கேட்டான்.