வியர்வையில் வாங்கிய பொருளை மின்னலுக்குக் கொடுக்க வேண்டாம்

(இரணைமடுவில் நடந்த தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளத்தையும் காணியையும் பற்றிப் பேசுகிற மேடையில் இன்று ப்ளக்கையும் வயரையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். எங்களுக்கு இதுவும் சம்பளப் பிரச்சினைதான். 1000 ரூபா நாட்சம்பளம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினோம். 2021இல்தான் அது கிடைத்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவானது. அந்தக் கணக்கில் 135,000 ரூபாவுக்கு ஒரு ப்ரிட்ஜ் வாங்கினால் எத்தனை பேர்? செக்ரோலில் சரியாக 100 பேர். அரிசி வாங்காமல், ஈ.பி.எப். கழிக்காமல், 100 நாள் மலை ஏறி இறங்கிய உழைப்பு. அது ஒரு நொடியில் கருகிப் போனாலும் கடைக்காரனுக்குக் கட்டுகிற தவணை நிற்காது.

இந்த இரணைமடுப் பக்கத்தில் குடியிருக்கும் பலருடைய பெற்றோர் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையை விட்டு வந்து, காடு வெட்டி, கிணறு தோண்டிக் குடியேறியவர்கள். போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் வன்னிக்கு மின்சாரமே இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். கரண்ட் இல்லாமல் வாழ உங்களுக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. கரண்டோடு வாழத்தான் நமக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அதைத்தான் இன்று பேசுவோம்.

பொருள்கள் ஏன் எரிகின்றன? நான்கு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது மின்னல். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரம் இருட்டிக்கொண்டு வருகிற இடிமழையை நாம் எல்லோரும் அறிவோம். மின்னல் நம் கூரையில் விழ வேண்டும் என்றில்லை. தூரத்தில் மின்கம்பியில் விழுந்தாலே போதும். கம்பி வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். டீவியின் டிஷ் வயரும், பழைய செப்புக் கம்பி டெலிபோன் லைனும் அதற்கு வேறு வாசல்கள்.

இரண்டாவது, போன கரண்ட் திரும்பி வருகிற நேரம். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார், ஊரே சிரித்தது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோக, அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டிய காலமும் மறந்திருக்காது. வெட்டும்போதும் கொடுக்கும்போதும் லைனில் வோல்ட்டேஜ் குதிக்கும். அதே நொடியில் ஊரிலுள்ள எல்லா ப்ரிட்ஜும் மோட்டரும் ஒன்றாக இழுக்கத் தொடங்குவதால் வோல்ட்டேஜ் விழும். அந்த ஆட்டத்தில் நம் பொருள் ப்ளக்கில் இருக்கக் கூடாது.

மூன்றாவது, நியூட்ரல் கம்பி அறுவது. இதைப் பலர் அறியமாட்டார்கள். தெருவில் வருவது மூன்று பேஸ் கம்பியும் ஒரு நியூட்ரலும். மரம் விழுந்து நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய சில வீடுகளுக்கு 400 வரை ஏறிவிடலாம். பக்கத்து வீட்டுக்கு மிகவும் குறைந்துவிடும். ஒரு வீட்டில் பல்ப் கண்ணைக் கூச எரிந்து, அடுத்த வீட்டில் மங்கினால், யோசிக்கவே வேண்டாம்: மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அக்கம்பக்கத்துக்கும் சத்தம் போட்டுச் சொல்லுங்கள். பிறகு 1987 இலக்கத்துக்கு அழையுங்கள். விழுந்த கம்பிக்குக் கிட்டப் போகாதீர்கள்.

நான்காவது, குறைந்த வோல்ட்டேஜ். லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்குத் தெரியும், மாலை ஆறு மணிக்கு ஃபேன் எப்படிச் சுற்றும் என்று. வோல்ட்டேஜ் குறைந்தால் ப்ரிட்ஜும் தண்ணீர் மோட்டரும் முக்கி முக்கிச் சூடேறி எரியும். நம் நாட்டு விதிப்படி 230 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 6 சதவீதம்தான் மாறலாம். அதாவது 216க்கும் 244க்கும் இடையில் இருக்க வேண்டும்.

இனி, செய்ய வேண்டியவை.

வானம் இருட்டும்போதே ப்ளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. மின்னலுக்கு அந்தச் சிறிய இடைவெளி ஒரு பொருட்டில்லை. டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். மின்னல் கிட்ட வந்த பிறகு ப்ளக்கைத் தொடப் போகாதீர்கள். டீவி போனால் போகட்டும். மின்னலைப் பார்த்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். பிள்ளைகள் போனை சார்ஜரில் வைத்துக்கொண்டே பேசுவதும் படிப்பதும் அந்த நேரத்தில் கூடாது.

கரண்ட் போனால், ஒரு லைட்டை விட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றுங்கள். திரும்பி வந்ததும் ஐந்து நிமிடம் பொறுங்கள். இப்போதைய எல்.ஈ.டி. பல்ப் வோல்ட்டேஜ் ஏறி இறங்குவதைக் காட்டாது. ஃபேனோ பழைய குண்டு பல்போதான் காட்டும். அது சீராக இருந்தால் முதலில் ப்ரிட்ஜ், பிறகு டீவி, கடைசியில் மோட்டர். ப்ரிட்ஜுக்கு அந்த ஐந்து நிமிடம் கட்டாயம் வேண்டும். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் இறங்குமுன் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆனால் முக்கி நின்று எரிந்துவிடும்.

கடையில் விற்கிற பெட்டிகளைப் பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும். ட்ரிப் சுவிட்ச் மனிதரைக் காப்பது. கரண்ட் ஒழுகினால் விழும். அது டீவியைக் காக்காது. ஸ்டெபிலைசர் மெதுவாக ஏறி இறங்கும் வோல்ட்டேஜைச் சரிசெய்யும், மின்னலைப் பிடிக்காது. சர்ஜ் ப்ரொடெக்டர் திடீர்ப் பாய்ச்சலை வாங்கி ஏர்த்தில் இறக்கும். ஏர்த் இல்லாத வீட்டில் அதன் வேலை பாதிகூட நடக்காது. அடி வாங்க வாங்க அது தேய்ந்தும் போகும். விளக்கு அணைந்துவிட்டால் மாற்ற வேண்டும். கிட்ட விழுகிற மின்னலுக்கு எந்தப் பெட்டியும் காவல் இல்லை.

ஏர்த்தைப் பற்றி இன்னும் ஒன்று. இந்த வன்னி மண் கோடையில் காய்ந்து வெடிக்கும். காய்ந்த மண் கரண்டை வாங்காது. ஏர்த் கம்பி இறக்கிய இடத்தில் கோடைக்காலத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். வயர் இறுக்கமாக இருக்கிறதா என்று வயர்மேனைக் கொண்டு பாருங்கள். இரண்டு முள் ப்ளக்கை, பேனா மூடியால் ஓட்டையைத் திறந்து சதுர ஓட்டைக்குள் திணிக்கிற பழக்கத்தை விடுங்கள். தளர்ந்த ப்ளக் பொறி தட்டும், பொறி தீயாகும்.

இந்த இடத்தில்தான் மலையகத்திலிருந்து வந்திருக்கும் தோழர்களிடம் பேச வேண்டியிருக்கிறது. இரணைமடுவில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு, அதற்கு ஒரு மீட்டர் இருந்தால், ஏர்த்தை அந்தக் குடும்பமே பார்த்துக்கொள்ளலாம். லயத்தில் அப்படியா? பல லயங்களில் ஒரே பழைய வயரிலிருந்து காம்பராவுக்குக் காம்பரா இழுத்திருக்கிறது. ஒரு பல்புக்குப் போட்ட வயரில் இன்று ப்ரிட்ஜும் ரைஸ் குக்கரும் ஓடுகின்றன. ஏர்த் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மின்ஒழுக்கால் லயம் எரிந்தது என்ற செய்தியைப் பத்திரிகையில் எத்தனை முறை படித்துவிட்டோம்! ஒரு காம்பராவில் பிடிக்கிற தீ ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. அங்கே “கவனமாக இருங்கள்” என்று தாய்மாருக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. அது தனி வீட்டின் வேலை அல்ல; சங்கத்தின் வேலை.

ஆகவே தோட்டக் கமிட்டிகள் தோட்ட நிர்வாகத்திடமும் கரண்ட் கொடுக்கும் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்க வேண்டியவை இவை: குடும்பத்துக்கு ஒரு மீட்டர், காம்பராவுக்கு ஒரு ட்ரிப் சுவிட்ச், லயத்துக்கு அளந்து பார்த்த ஏர்த், பழைய வயருக்குப் பதில் புதிய வயர், கம்பியில் சாயும் மரக்கிளைகளை மழைக்கு முன்பே வெட்டுதல்.

பொருள் எரிந்துவிட்டால் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். நாள், நேரம் எழுதுங்கள். போட்டோ எடுங்கள். ரிப்பேர் செய்பவரிடம் என்ன எரிந்தது என்று ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். அதே நேரத்தில் எரிந்த மற்ற வீடுகளையும் சேர்த்து ஒரே பட்டியலாக்கி, பிரதேச மின்சார அலுவலகத்தில் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கம் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு அதே இலக்கத்துடன் எழுதலாம். நட்டஈடு நிச்சயம் கிடைக்கும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் ஒரே லைனில் பத்து வீடுகள் ஒரே நேரத்தில் எரிந்ததாக எழுத்தில் இருந்தால், அதை “உங்கள் டீவி பழையது” என்று சொல்லித் தட்டிவிட முடியாது.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எப்படி நிறுத்துவது என்று காட்டுங்கள். ட்ரிப் சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது வெறும் பெட்டி. லயத்தில் அப்படி ஒரு சுவிட்சே இல்லை என்றால், அதுதான் உங்கள் கமிட்டியின் அடுத்த கூட்டத்தின் முதல் விஷயம்.