அஞ்சடியில் தொடங்கும் அமைதி

(எங்கள் பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளை நெடுநேரம் உட்கார வைப்பது பாவம். ஆகவே ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்ல விரும்புகிறேன். உலக அமைதி, உலக அமைதி என்று பேசுகிறோமே, அதற்கும் நம் தோட்டத்து வீட்டு அஞ்சடிக்கும் என்ன சம்பந்தம்? அதுதான் என் பேச்சின் பொருள்.

அமைதி என்றவுடன் ஐக்கிய நாடுகள் சபையும் பெரிய பெரிய தலைவர்களும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது அவர்கள் வேலை; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சண்டைக்குப் போகிறவன் யார்? சாதாரண வீட்டுப் பிள்ளைதான். முகம் கூடத் தெரியாத ஒருவனைப் பகைவன் என்று யாரோ சொல்லக் கேட்டு, அதை நம்பிப் போகிறான். நம் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, நம் கையால் பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டு, "அம்மா, நல்லா இருக்கு" என்று சொன்ன மனிதனை அப்படி எளிதில் பகைவனாக நினைக்க மனம் வருமா? எண்ணிப் பாருங்கள்.

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். விருந்து என்ற சொல்லுக்கே பழந்தமிழில் புதுமை என்று பொருள். மாமன் வந்தாலும் மச்சான் வந்தாலும் அவர்கள் உறவினர்தான். முன்பின் அறியாத புதியவர் வந்தால் அவரே விருந்தினர். திருக்குறளில் 9-ஆம் அதிகாரம் விருந்தோம்பல் என்பது மாணவர்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் உள்ள 8-ஆம் அதிகாரம் எது? அன்புடைமை. பின்னால் வரும் 10-ஆம் அதிகாரம்? இனியவை கூறல். அன்புக்கும் இனிய சொல்லுக்கும் நடுவில் விருந்தினரை உட்கார வைத்திருக்கிறார் வள்ளுவர். மனப்பாடம் செய்யும்போது இந்த வரிசையையும் சற்றுக் கவனியுங்கள்.

இனி ஒரு வரலாற்று நிகழ்ச்சி. 1931-ஆம் ஆண்டு இரண்டாவது வட்டமேசை மாநாட்டுக்காகக் காந்தியடிகள் லண்டனுக்குப் போனார். அவர் பெரிய ஹோட்டலில் தங்கவில்லை. கிழக்கு லண்டனில், ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில், கிங்ஸ்லி ஹால் என்ற சமூக நிலையத்தில் தங்கினார். அங்கே அவருடைய அறை எது தெரியுமா? மாடியின் மேல் தளத்தில் ஒரு சின்னஞ்சிறு அறை. அந்த நிலையத்தை நடத்திய மியூரியல் லெஸ்டர் என்ற ஆங்கிலேய அம்மையார் 1926-இல் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளின் விருந்தினராக இருந்தவர். அன்று அவர் இந்தியாவில் உண்ட உணவுக்கு, 5 ஆண்டு கழித்து லண்டனில் கைம்மாறு செய்தார். ஏறக்குறைய 12 வாரம் காந்தியடிகள் அங்கே இருந்தார். அந்தப் பகுதிக் குழந்தைகள் அவரைக் "காந்தி மாமா" என்று கூப்பிட்டார்கள்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. அந்நியத் துணி வாங்காதீர்கள் என்று இந்தியாவில் இயக்கம் நடத்தியவர் காந்தியடிகள். அதனால் அடிபட்டவர்களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதி ஆலைத் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஏற்கெனவே மந்தமாகியிருந்த ஆலைகளில் பல மூடிக் கிடந்தன. அவர்களைப் பார்க்கப் போனார் காந்தியடிகள். 1931 செப்டம்பர் மாதக் கடைசியில் டார்வன் என்ற ஊருக்குப் போய் அங்கேயே தங்கினார். வேலை இழந்தவர்களோடு பேசினார். உங்கள் துன்பம் எனக்குப் புரிகிறது, ஆனால் இந்தியக் கிராமத்தின் பட்டினி இதைவிடக் கொடியது என்று ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார். கல்லெறிவார்கள் என்று யாரேனும் பயந்திருக்கலாம். ஆலைப் பெண்களோ அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்து வரவேற்றார்கள். அந்தப் புகைப்படத்தை இன்றும் புத்தகங்களில் பார்க்கலாம்.

இதனால் லங்காஷயர் தொழிலாளிக்கு வேலை திரும்பக் கிடைத்ததா? இல்லை. காந்தியடிகள் தம் இயக்கத்தைக் கைவிட்டாரா? அதுவும் இல்லை. வழக்கு வழக்காகவே இருந்தது. பகை மட்டும் வளரவில்லை. விருந்தோம்பல் எல்லாப் பிரச்சினையையும் தீர்த்துவிடாது. ஆனால் பிரச்சினை இருக்கும்போதே மனிதனை மனிதனாகப் பார்க்க வைக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து 4 ஆண்டு ஆனபோது, 1949-இல், டென்மார்க் நாட்டில் ஆஸ்கோவ் என்ற ஊரின் மக்கள் கல்லூரியில் ஓர் இயக்கம் பிறந்தது. அதைத் தொடங்கியவர் பாப் லூயிட்வைலர் என்ற அமெரிக்கர். போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர். காந்தியடிகளின் கருத்துகளில் ஈடுபாடு கொண்டவர். பல நாட்டு இளைஞர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிப் பழகினால் அடுத்த போரைத் தடுக்க வழி பிறக்கும் என்று அவரும் நண்பர்களும் நம்பினார்கள். அந்த இயக்கத்துக்குப் பின்னர் செர்வாஸ் என்று பெயர் வந்தது. எஸ்பெராண்டோ மொழியில் அதற்குத் "தொண்டு செய்தல்" என்று பொருள். இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 1973 முதல் ஐக்கிய நாடுகள் பொருளாதார சமூக மன்றத்தின் ஆலோசனைத் தகுதியும் அதற்கு உண்டு.

அவர்கள் முறை மிக எளிமையானது. பயணம் போக விரும்புகிறவரை முதலில் அவர் நாட்டு உறுப்பினர் ஒருவர் நேரில் பேசிப் பார்ப்பார். திருப்தி ஏற்பட்டால் ஓர் அறிமுகக் கடிதம் கிடைக்கும். பயணி தாம் போகும் ஊரிலுள்ள குடும்பத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்பார். குடும்பத்தார் சரி என்றும் சொல்லலாம், இப்போது முடியாது என்றும் சொல்லலாம். வழக்கமாக இரண்டு இரவு தங்கல். காசு வாங்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. குடும்பம் எப்படி வாழ்கிறதோ அப்படியே விருந்தினரும் இருந்து, பேசிப் பழகிவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று சொல்கிறேன். 1942-43இல் ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடுவதற்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அது நடந்து சுமார் 30 ஆண்டு கழித்து, 1974-இல், ஜப்பானும் ஆசியான் நாடுகளும் சேர்ந்து தென்கிழக்காசிய இளைஞர் கப்பல் திட்டத்தைத் தொடங்கின. ஜப்பானிய இளைஞர்களும் நம் வட்டார இளைஞர்களும் ஒரே கப்பலில் வாழ்ந்து, கப்பல் நின்ற நாடுகளில் குடும்பங்களோடு தங்கினார்கள். மலேசியக் குடும்பங்களும் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன.

"அதெல்லாம் மறந்துடணுமா சார்?" என்று நீங்கள் கேட்கலாம். மறக்கக் கூடாது. மரண ரயிலைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் கப்பலில் வந்த 20 வயதுப் பிள்ளை அந்தத் தண்டவாளத்தைப் போட வைத்தவன் அல்லன். அவன் நம் வீட்டில் வந்து தங்கினால்தானே நம் பாட்டி சொல்லும் கதையை அவன் காதாலும் கேட்பான்? கதவைச் சாத்திவிட்டால் நம் துயரம் நமக்குள்ளேயே கிடக்கும். அவன் நாட்டில் யாருக்கும் தெரியாமல் போகும்.

சரி, இப்போது நம் வீட்டுக்கு வருவோம். "வெளிநாட்டுக்காரன் வந்து தங்குற மாதிரியா சார் நம்ம வீடு இருக்கு? லயத்து வீடு. ஓட்டைத் தகரம். அவனை எங்க படுக்க வைக்கிறது?" இப்படித்தான் பலர் நினைப்பீர்கள். தாய்மார்களே, மாடியில் ஒரு சின்ன அறை காந்தியடிகளுக்குப் போதுமானதாக இருந்தது. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்தைப் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். விடியற்காலை இருட்டில் பெரட்டுக்குக் கிளம்பும் அம்மாவையும், செம்பனைக் குலையை வெட்டிச் சாய்க்கும் அப்பாவின் கைத்திறனையும், விளக்கு வைத்தபின் அஞ்சடியில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளையையும் எந்த ஹோட்டலில் பார்க்க முடியும்? நம் வீட்டைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமே இல்லை. வீட்டைப் பற்றி வெட்கப்படும் பிள்ளை, தன் மொழியைப் பற்றியும் வெட்கப்படத் தொடங்கிவிடும். ஓர் ஆசிரியனாக எனக்குள்ள கவலையே அதுதான். தூரத்திலிருந்து ஒருவர் வந்து நம் பாயில் மகிழ்ச்சியோடு உட்காரும்போது, அந்தப் பிள்ளையின் முதுகு தானாக நிமிரும்.

மொழிதான் தடை என்பீர்களா? பாட்டிக்குத் தமிழ் மட்டும் தெரியும். விருந்தினருக்கு ஆங்கிலம் தெரியும். நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சொல்லப் போவது யார்? மூன்று மொழி படிக்கும் நம் மாணவன்தான்! புத்தகத்தில் படித்த ஆங்கிலத்துக்கு அன்றுதான் உயிர் வரும்.

ஆனால் அன்பு வேறு, அசட்டை வேறு. சில கட்டுப்பாடுகளை நாம் கடைப்பிடிக்க வேண்டும். வழியில் கண்டவரை எல்லாம் அழைத்து வந்துவிடக் கூடாது. அறிமுகம் செய்துவைக்கும் ஆளும் கடிதமும் முதலில் வேண்டும். அக்கம்பக்கத்தாருக்கும் தோட்ட ஆபீசுக்கும் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளைப் புதியவரோடு தனியே விடாதீர்கள். எத்தனை நல்லவராயினும் இந்த விதி மாறக் கூடாது. அவர் எதைச் சாப்பிடுவார், எதைச் சாப்பிடமாட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முஸ்லிம் நண்பராக இருந்தால் கட்டாயம் கேளுங்கள். கடன் வாங்கிக் கோழி அடிக்க வேண்டாம். நாம் சாப்பிடுவதே போதும். கையால் பிசைந்து சாப்பிடத் தெரியாவிட்டால் சிரிக்காமல் ஒரு கரண்டி கொடுங்கள். அவரிடம் பணமோ பொருளோ கேட்காதீர்கள். வந்தவர் நம் விருந்தினர். தருமம் செய்ய வந்தவர் அல்லர்.

கடைசியாக ஒன்று. வெளிநாட்டு விருந்தினர் என்றதும் முதுகில் மூட்டையோடு வரும் வெள்ளைக்காரரைத்தான் இத்தனை நேரமும் மனத்தில் நினைத்திருப்பீர்கள். நாலு வீடு தள்ளிப் பாருங்கள். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் இன்று பல தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். அவர்களும் கடல் கடந்து வந்தவர்கள்தாமே? அவர்கள் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? "ஏய் பங்களா!" என்று கூப்பிடுகிறோம். நம் பாட்டனார் ரஜூலா கப்பலில் வந்து இறங்கிய காலத்தில் அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் "கூலி" என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தச் சொல் எப்படிச் சுட்டது என்று நம் குடும்பங்களுக்குத் தெரியும்.

"அவங்க வந்ததாலதான் நம்ம கூலி ஏறல" என்று சிலர் சொல்கிறீர்கள். கூலிப் பிரச்சினை உண்மையான பிரச்சினை. அதைத் தொழிற்சங்கத்திடம் கொண்டுபோங்கள். நிர்வாகத்திடம் உரக்கக் கேளுங்கள். அதற்காக அந்த ஏழையை ஏன் வெறுக்க வேண்டும்? தன் பிழைப்புக்கே கேடு வந்ததாக நினைத்த லங்காஷயர்த் தொழிலாளி காந்தியடிகளைக் கைதட்டி வரவேற்றான். நம்மால் ஒரு குவளைத் தேத்தண்ணி கொடுக்க முடியாதா?

வருகிற தீபாவளிக்கு ஒவ்வொரு வீடும் ஒருவரை அழைக்கட்டும். வங்காளதேசத்துத் தம்பியோ, கம்பத்து மலாய்க்காரரோ, கடைக்காரச் சீனரோ, யாராக இருந்தாலும் சரி. மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வந்தவரின் முழுப் பெயர், அவர் ஊர், அந்த ஊர் ஆறு, அவர் அம்மா சமைக்கும் ஒரு பலகாரம் ஆகிய நான்கையும் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். தீபாவளி விடுமுறை முடிந்ததும் வகுப்பில் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். நான் கேட்கக் காத்திருக்கிறேன்.