முற்றத்து வெற்றிலைக் கொடி

மணம் பேசச் செல்வோர் தட்டில் முதலிடம் பெறுவது வெற்றிலை. பெரியோரை வணங்கும் சிங்கள மாணவன் இரு கைகளாலும் ஏந்தி நிற்பதும் அதே வெற்றிலைக் கட்டுத்தான். மொழி வேறுபட்டாலும் மதிப்பைக் காட்டும் இலை ஒன்றே. ஆயினும் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் இவ்விலையைச் சந்தையில் விலை கொடுத்து வாங்குவோரே மிகுதி. குருநாகல், கம்பஹா மாவட்டங்களே இந்நாட்டில் வெற்றிலைப் பயிருக்குப் பெயர் பெற்றவை. அங்ஙனமாயின் உப்புவெளியிலும் பாலையூற்றிலும் வீட்டு முற்றத்தில் இக்கொடி வளராதா? வளரும். அதன் இயல்பை அறிந்து வளர்க்க வேண்டும்.

வெற்றிலை மிளகின் இனத்தைச் சேர்ந்தது; ஆண்டு முழுதும் பசுமை மாறாதது. தென்கிழக்காசியாவின் ஈரம் மிகுந்த காட்டு நிழலே அதன் தாயகம் என்பர். பெருமரங்களின் அடியில் முளைத்து, கணுதோறும் வேர்விட்டுப் பட்டையைப் பற்றி ஏறும். ஆதலின் வடிகட்டிய வெளிச்சமும், ஈரக்காற்றும், இலை மட்கிய மண்ணும் அதற்கு வேண்டும். சுருங்கக் கூறின், வெற்றிலை வளர்ப்பது என்பது முற்றத்தின் ஒரு மூலையில் சிறியதொரு காட்டை அமைப்பதாகும்.

திருகோணமலையில் இக்கொடிக்குப் பகைகள் இரண்டு. வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்று ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்றானது மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாய் இக்கரையை அடைகின்றது. அக்காற்றில் வெற்றிலையின் ஓரங்கள் கருகும். மற்றொன்று ஐப்பசி முதல் தை வரை பெய்யும் வாடை மழை. ஒன்று உலர்த்திக் கொல்லும். மற்றொன்று அழுக்கிக் கொல்லும். இரண்டுக்கும் முன்கூட்டியே காப்புச் செய்தவர் வீட்டிலேயே கொடி நிலைக்கும்.

கிணற்றடிக்கு அண்மையில், மாமரமோ தென்னையோ நிழல் தரும் இடம் ஏற்றது. எனினும் கழுவு நீர் தேங்கும் இடம் ஆகாது. கடலோரக் கிணறுகள் சில கோடையில் உவர்க்கும். அந்நீரை வெற்றிலை பொறுக்காது. அரை முழ உயரத்துக்கு மேட்டுப் பாத்தி அமைத்து, மணலோடு மட்கிய எருவும் இலைக்குப்பையும் கலத்தல் வேண்டும். பற்றி ஏற அகத்தி, முருங்கை, கமுகு ஆகியவற்றுள் ஒன்று போதும். தமிழகத்துக் கொடிக்கால்களில் அகத்தியை முதலில் வளர்த்த பின்னரே வெற்றிலையை நடுவர். அகத்தி நிழலும் தரும்; மண்ணுக்கு வளமும் சேர்க்கும்.

நோயற்ற முதிர்ந்த கொடியிலிருந்து மூன்று நான்கு கணுக்களுள்ள துண்டை வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுள் புதையுமாறு சாடியில் நட்டு நிழலில் வைத்தால் வேர்விடும். தை மாதத்தில் பெருமழை ஓய்ந்த பின்னர் அதனைப் பாத்திக்கு மாற்றலாம். கச்சான் தொடங்குமுன் வேர் ஊன்ற நான்கு மாத அவகாசம் கிடைக்கும். காற்று வரும் பக்கத்தில் கிடுகு வேலி கட்டி, அடியில் சருகு பரப்பி, காலையும் மாலையும் அளவாக நீர் தெளிக்க வேண்டும். புரட்டாசியில் நீர் வடியும் வாய்க்காலைத் தூர்வாருதல் தவறலாகாது.

மழைக்காலத்தில் ஒரு கொடியின் இலைகள் பளபளப்பிழந்து தொங்கினால், அடித்தண்டைப் பார்க்க வேண்டும். அது கறுத்துக் குழைந்திருந்தால் அடியழுகல் நோயாகும். ஆண்டு முழுதும் பேணிய கொடி சில நாள்களில் மடிந்துவிடும். அதனை வேரோடு அகற்றி எரித்துவிட்டு, அக்குழியில் மீண்டும் நடாதிருத்தல் நன்று. இந்நோய் நீரோடும், காலில் ஒட்டிய சேற்றோடும் பரவுவது. வங்கநாட்டில் நீராடாமலும் செருப்போடும் வெற்றிலைத் தோட்டத்தினுள் நுழையலாகாது என்பது பழைய வழக்கம். தெய்வத்தின் பெயரால் வந்த அவ்வழக்கம் பயிருக்கும் காவலாயிற்று.

ஒன்றை மறைத்தல் தகாது. பாக்கு மெல்லுதல் புற்றுநோய் விளைவிக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டது. புகையிலை சேரின் தீங்கு பெரிது. ஆதலின் இக்கொடியை வாய்க்காக அன்றி, வழிபாட்டுக்கும் வரவேற்புக்குமாக வளர்ப்பதே அறிவுடைமை.

கொடி கைக்கு எட்டா உயரம் சென்றதும், அதனை மெல்ல இறக்கி, இலையற்ற அடிப்பகுதியைச் சுருட்டி மண்ணில் புதைப்பர். முதுகொடி மீண்டும் இளமை பெறும். அவ்வேளை வெட்டும் துண்டுகள் வேலிக்கு அப்பால் அயல்வீட்டுக்குச் செல்லும். தோட்டத்து வெற்றிலை விதையால் பெருகுவதன்று. துண்டிலிருந்து துண்டாக, கையிலிருந்து கைக்கு மாறியே வாழ்வது. இன்று ஒரு முற்றத்தில் தளிர்ப்பது, முன்னோர் எவரோ ஒருவர் வெட்டிக் கொடுத்த கொடியின் தொடர்ச்சியே. கொடுப்பாரும் நடுவாரும் இல்லையாயின், அத்தொடர்ச்சி அவ்வேலியோடு அறுந்துபோகும்.