இரண்டு கையும் சுவரைத் தொட வேண்டும்



நம் புதுச்சேரியின் புகழ்பெற்ற கோயிலே ஒரு குளத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மணற்குளத்தருகே இருந்த பிள்ளையார் மணக்குள விநாயகர் ஆனார். பெயர் நிலைத்தது; பிள்ளைகள் இறங்கி நீந்தக் குளம் நிலைக்கவில்லை. ஊருக்கு ஊர் குளமும் ஏரியும் கிணறும் நிறைந்திருந்த காலத்தில் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி, மாமனோ சித்தப்பனோ தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். நாலு நாளில் நீச்சல் வந்துவிடும். அது உயிர் காக்கும் வித்தை. அதற்குமேல் அதனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இன்று நாம் கேட்கிறோம். பிள்ளையைப் போட்டி நீச்சலுக்கு அனுப்பினால் ஒழுக்கம் வரும், தன்னம்பிக்கை வரும், வாழ்க்கையைச் சமாளிக்கும் திறன் வரும் என்று சொல்கிறோம். வருமா? வரும் என்பதுதான் என் கட்சி. ஆனால் அதைக் கொண்டுவருவது தண்ணீரும் இல்லை, பதக்கமும் இல்லை. தன்னைப் பற்றிய ஒரு துல்லியமான உண்மையைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அதைத் தாங்கிக்கொள்ளப் பழக்குகிறதே, அந்தப் பழக்கம்தான் கொண்டுவருகிறது. பெரியவர்களாகிய நாம் அந்த உண்மையில் கை வைக்காமல் இருந்தால் மட்டுமே அது நடக்கும்.

ஒரு காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் போட்டியில் ஒவ்வொரு திருப்பத்திலும், முடிவிலும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும் என்பது விதி. 12 வயதுப் பெண் ஒருத்தி முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திருப்பத்தில், களைப்பில் இடது தோள் சற்றே இறங்குகிறது. வலது கை முந்திச் சுவரைத் தொடுகிறது. இடது கை ஒரு இமைப்பொழுது பிந்துகிறது. லேன் முனையில் நிற்கும் நடுவர் கையை உயர்த்துகிறார். தண்ணீருக்குள் இருப்பவளுக்கு அது தெரியாது. கடைசிவரை உயிரைக் கொடுத்து நீந்தி முதலில் வந்து, மூச்சு வாங்கப் பலகையை நிமிர்ந்து பார்க்கிறாள். தகுதி நீக்கம். யாரும் அவளைத் தள்ளவில்லை, தடுக்கவில்லை. பக்கத்து லேனில் இருந்ததும் அதே தண்ணீர்தான். கிரிக்கெட்டில் ஆடுகளத்தைக் குறை சொல்லலாம். கபடியில் கூட்டாளியைச் சொல்லலாம். இங்கே சாய்வதற்கு ஒரு தோள் இல்லை. அடுத்த நாள் காலை அவள் திரும்பி வந்து, வேகத்தை விட்டுவிட்டு, இரண்டு கையும் சேர்ந்து தொடுவதை மட்டும் ஐம்பது முறை பழகுகிறாளே, குணம் என்று நான் சொல்வது அந்த ஐம்பது முறையைத்தான்.

அளக்கிறவர்களும் தங்கள் அளவின் எல்லையை ஒத்துக்கொண்ட விளையாட்டு இது. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக். 400 மீட்டர் தனிநபர் கலப்பு நீச்சலில் சுவீடனின் குன்னார் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் 4 நிமிடம் 31.98 வினாடியில் சமமாக முடித்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எண்ணிப் பார்த்து, 0.002 வினாடி வித்தியாசத்தில் லார்சனுக்குத் தங்கம் கொடுத்தார்கள். நீளத்தில் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். ஒரு குளத்தின் எல்லா லேன்களையும் அவ்வளவு துல்லியமாகக் கட்டவே முடியாது! பிறகு விதியை மாற்றினார்கள். நூற்றில் ஒரு பங்கு வரை சமம் என்றால் இருவருக்கும் ஒரே பதக்கம். 2016-இல் ரியோவில் பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சிமோன் மானுவலும் பென்னி ஒலெக்சியாக்கும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டது அப்படித்தான். தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாத கடிகாரத்தின் முன்னால் வளரும் பிள்ளைக்கு நியாயம் என்றால் என்ன என்பதைத் தனியாக வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தூரத்து ஊர்க்கதை எதற்கு, பக்கத்து நெய்வேலியைப் பாருங்கள். அந்த நிலக்கரி நகரியத்தில் வளர்ந்து, அங்கிருந்த குளத்தில் நீந்திப் பழகியவர் சஜன் பிரகாஷ். 2016 ரியோ ஒலிம்பிக்குக்குச் சென்றார். பின்பு கழுத்தில் காயம். கொரோனா முடக்கத்தில் பல மாதம் தாய்லாந்தில் மாட்டிக்கொண்டார். 2021 ஜூன் மாதம் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 வினாடியில் முடித்தார். ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரம் 1:56.48. அந்த நேரத்தை எட்டிய முதல் இந்தியர் அவர். பத்தில் ஒரு பங்கு வினாடி என்பது அவர் வேகத்தில் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. அந்த ஒரு சாணுக்காக ஒருவர் எத்தனை விடியற்காலைகளைத் தண்ணீரில் கழித்திருப்பார்! நகரியம் ஒன்று தன் பிள்ளைகளுக்கென்று ஒரு குளம் வைத்திருந்தது என்பதையும் இந்தக் கதையில் மறந்துவிடக் கூடாது.

போட்டி நீச்சல் குணத்தை வளர்க்கும் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1971-இலேயே அமெரிக்க உளவியலாளர்கள் புரூஸ் ஓகில்வியும் தாமஸ் டட்கோவும், விளையாட்டு குணத்தை வளர்க்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். ஏற்கெனவே மனத்திண்மை உள்ளவர்கள் களத்தில் தங்குகிறார்கள், மற்றவர்கள் உதிர்ந்துபோகிறார்கள், நாம் தங்கியவர்களைப் பார்த்து விளையாட்டு வளர்த்தது என்கிறோம் என்பது அவர்கள் வாதம். இதை நான் மதிக்கிறேன். குளத்தில் இறங்கிய மாத்திரத்தில் நேர்மை உடம்பில் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் இதற்கான விடையை 1949-இலேயே நம் ஊர் எழுதி வைத்திருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம் உடற்கல்விக்கென்றே ஓர் இதழ் தொடங்கியது. முதல் இதழுக்கு அனுப்பிய செய்தியில் அரவிந்தர் விளையாட்டு மனப்பான்மையை விரித்துச் சொல்கிறார்: தன்னடக்கம், விதிகளைப் பிசகாமல் காத்தல், எதிராளியிடம் நல்லெண்ணம், வெற்றி தோல்வியை ஒன்றாக ஏற்றல், நடுவரின் தீர்ப்புக்குக் கட்டுப்படுதல். பயிற்சியில் கேட்டு வாங்க வேண்டியவை இவை என்றே நான் அதைப் படிக்கிறேன். கேட்கிறவர் இருந்தால் கிடைக்கும். கேட்காத இடத்தில் வெறும் வேகம்தான் வளரும். ஆசிரமத்தில் ஆணும் பெண்ணும் ஒரே பயிற்சியைப் பெற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணைக் குளத்திலிருந்து எடுத்துவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆகாது என்று அந்த வீடுகள் நினைப்பதை இந்த ஊர் எழுபது ஆண்டுக்கு முன்பே செய்து காட்டிவிட்டது.

கேட்க வேண்டிய இடத்தில் நாமே கெடுக்கிறோம் என்பதுதான் என் வருத்தம். பிள்ளையின் வயதை ஒரு வருடம் குறைத்துச் சான்றிதழ் வாங்கும் பழக்கம் நம் நாட்டு இளையோர் விளையாட்டில் பழைய நோய். அந்தக் காகிதத்தோடு வாங்கும் தங்கத்தில் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் என்பதற்காக மட்டும் சேர்க்கிற பெற்றோரிடமும் இதையே கேட்கிறேன். ‘பத்தாம் வகுப்பு வந்துவிட்டதே, தினம் இரண்டு மணி நேரம் போகிறதே’ என்கிறீர்கள். போகத்தான் செய்யும்; இல்லை என்று நான் ஏமாற்ற மாட்டேன். அந்த ஒரு வருடம் போட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேரத்தைவிட எனக்குப் பெரிய கவலை பாதுகாப்பு. 2019-இல் கோவாவில் பயிற்சி பெற்ற சிறுமியிடம் தவறாக நடந்ததாக ஒரு நீச்சல் பயிற்றுநர் கைதானது தேசத்தையே உலுக்கியது. கோச் சொன்னால் கேள்வி கேட்காமல் கேட்க வேண்டும் என்று பழக்கும் இடம் ஆபத்தான இடம். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கத் திறந்த இடமும், பெண் பயிற்றுநரும், புகார் சொல்ல வெளியாள் ஒருவரும் இல்லாத குளத்துக்கு, எத்தனை பதக்கம் வாங்கியிருந்தாலும், பிள்ளையை அனுப்பாதீர்கள்.

குளத்தில் ஜெயித்தவனும் கடலில் மூழ்குகிறானே என்பது இன்னொரு கேள்வி. உலகில் 2021-இல் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் ஆண்டுதோறும் 30,000-க்கும் மேல். கடற்கரைச் சாலைக் கருங்கற்களுக்கு அப்பால் இருக்கும் அலைக்கு யார் மாநிலப் பதக்கம் வாங்கியவர் என்பது தெரியாது. ஆனால் தன் அளவை உண்மையாகத் தெரிந்தவன் எங்கே இறங்கக் கூடாது என்பதையும் தெரிந்தவன். எத்தனை மீட்டரில் தன் தோள் இறங்கும் என்று அவனுக்குத் தெரியும். மீதியைக் கடலை அறிந்தவர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் தூரத்தில் இல்லை. வைத்திக்குப்பத்திலும் குருசுக்குப்பத்திலும் வீராம்பட்டினத்திலும் நீரோட்டத்தையும் வாடைக்காற்றையும் பார்த்து வளர்ந்த மீனவப் பிள்ளைகள் இருக்கிறார்கள். போட்டிகளின் பெயர்ப்பட்டியலில் அவர்களை நான் தேடுகிறேன். மாதக் கட்டணமும், நீச்சல் உடையும், கண்ணாடியும், போட்டிக்குப் போகும் பேருந்துச் செலவும் கேட்கும் விளையாட்டாக இதை வைத்துக்கொண்டு இளைஞர்களின் குணம் என்று நாம் பொதுவாகப் பேசுவது சரியில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு வாரம் ஒரு பாடவேளை குளத்தில் வேண்டும். அதற்கான வண்டியைக் கல்வித்துறை விட வேண்டும். கட்டணத்தை இந்த அவையில் இருக்கும் சங்கங்கள் ஏற்க வேண்டும். கடல் தெரிந்த பிள்ளையும் கடிகாரம் தெரிந்த பிள்ளையும் ஒரே லேனில் பழகட்டும்.

வரும் கோடையில் நீங்கள் போட்டி நடத்தும்போது அந்தக் குப்பங்களின் பெயர்கள் பட்டியலில் இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். பரிசு கொடுக்க வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள். லேன் முனையில் நின்று, இரண்டு கையும் சேர்ந்து சுவரைத் தொடுகிறதா என்று பார்க்க நான் வருகிறேன்.