வாய்கள் பெருகியதாலா வறுமை? பிலிப்பைன்ஸ் சொல்லும் பாடம்

(வணிகர்களும் இளைஞர்களும் கூடியிருந்த அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் சவூதியிலும் துபாயிலும் குவைத்திலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். அங்கே உங்களுக்கு மருத்துவமனையில் ஊசி போட்ட நர்ஸ் யார்? ஹோட்டலில் உணவு பரிமாறியவர் யார்? அரபி வீட்டில் குழந்தையைத் தூக்கி வளர்த்த பணிப்பெண் யார்? பல இடங்களில் பிலிப்பைன்ஸ்காரர்கள்தான். தன் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, அடுத்தவர் பிள்ளையைத் தாலாட்ட அந்தத் தாய் ஏன் கடல் கடந்து வந்தாள்? என்றாவது யோசித்தீர்களா?

இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். "அங்கே பிள்ளைகளை அதிகமாகப் பெற்றுக்கொள்கிறார்கள், அதனால் வறுமை" என்கிறார்கள். இந்த வார்த்தை உங்கள் காதுக்குப் புதிதல்ல. இங்கே அது நம்மைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. அங்கே கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது. ஆத்திரப்பட வேண்டாம். கணக்கை எடுத்துப் பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

1960-இல் பிலிப்பைன்ஸின் மக்கள் தொகை சுமார் 2 கோடியே 70 லட்சம். தாய்லாந்திலும் அன்று ஏறத்தாழ அவ்வளவுதான். 2020 கணக்கெடுப்பில் பிலிப்பைன்ஸ் 10 கோடியே 90 லட்சமாகிவிட்டது. தாய்லாந்து 7 கோடியை ஒட்டியே நிற்கிறது. வருமானத்திலோ தாய்லாந்து வெகுதூரம் முன்னால் போய்விட்டது.

"பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே" என்று துள்ளுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும். 1970களின் தொடக்கத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் சராசரியாக 6 குழந்தைகளைப் பெற்றாள். 1993-இல் அது 4 ஆனது. 2022-இல் 1.9. இரண்டுகூட முழுதாக இல்லை! வறுமையும் குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2023-இல் அரசின் கணக்குப்படியே 1 கோடியே 75 லட்சம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். 2021 கணக்கில் வறுமைப் பட்டியலின் உச்சியில் இருந்தவர்கள் யார் தெரியுமா? மீனவர்களும் விவசாயிகளும்! ஊருக்கே சோறு போடுகிறவன் வீட்டில் உலை கொதிக்கவில்லை. இதற்குத் தொட்டிலைக் குறை சொல்ல முடியுமா?

அதற்காக எண்ணிக்கைக்கும் வறுமைக்கும் சம்பந்தமே இல்லை என்று நாம் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. அந்நாட்டு ஏழைப் பெண்கள் தாங்கள் விரும்பியதைவிட அதிகப் பிள்ளைகளைப் பெற்றார்கள் என்பது ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிந்த உண்மை. 2000-இல் மணிலா நகர மேயர் பிறப்பித்த உத்தரவால் நகராட்சி மருத்துவ நிலையங்களில் கருத்தடைச் சாதனங்கள் கிடைக்காமல் போயின. வசதியுள்ளவர் மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். குடிசைப் பெண் எங்கே போவாள்? ஏழைகளுக்கும் அந்த உரிமையைத் தரும் சட்டம் 2012-இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 2004-இல், அந்நாட்டு முஸ்லிம் உலமாக்கள் இந்த விஷயத்தில் ஒரு ஃபத்வாவை வெளியிட்டார்கள். தாயின் உடல்நலத்துக்காகப் பிள்ளைப் பேற்றில் இடைவெளி விடலாம், பாதுகாப்பானதும் ஷரீஅத்துக்கு உட்பட்டதுமான வழி என்றால் தடையில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். தாயைக் காப்பாற்றுவது வேறு, வறுமைக்குத் தாயைக் குற்றவாளியாக்குவது வேறு. இந்த வேறுபாட்டை நீங்கள் மறக்கக் கூடாது.

நிலம் யார் கையில்?

ஸ்பானியர் காலத்திலிருந்து வந்த பெரும் பண்ணைகளை அங்கே 'ஹசியெண்டா' என்பார்கள். நீக்ரோஸ் தீவு முழுக்கக் கரும்பு. 1980களின் நடுவில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை விழுந்தபோது, அத்தனை பசுமையான தீவில் கூலித் தொழிலாளியின் பிள்ளைகள் பட்டினியால் வாடினார்கள். நிலம் இருந்தது, மழை இருந்தது. ஆனால் நெல் போட ஒரு துண்டு நிலமும் அவனுக்குச் சொந்தமில்லை.

1988-இல் அதிபர் கொரசோன் அக்கினோ நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அவருடைய குடும்பத்துக்குச் சொந்தமான லூயிசிட்டா பண்ணையோ, நிலத்துக்குப் பதிலாகப் பங்குப் பத்திரம் கொடுத்துத் தப்பித்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது 2011-இல். ஒரு தலைமுறையே முடிந்துவிட்டது!

இதைவிடக் கொடுமை தெற்கே மிந்தனாவோவில் நடந்தது. பண்ணைகளை உடைக்க மனமில்லாத ஆட்சியாளர்கள், வடக்கின் நிலமற்ற மக்களை 1939 முதல் மோரோ முஸ்லிம்களின் பூமியில் குடியேற்றினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெரும்பான்மையாக இருந்த முஸ்லிம்கள் சிறுபான்மையாகிப் போனார்கள். வந்தவனும் ஏழை, இழந்தவனும் ஏழை. பண்ணையார் மட்டும் பத்திரமாக இருந்தார். போரும் பேச்சுவார்த்தையும் பல பத்தாண்டுகள் நீண்டு, 2019-இல் பங்சமோரோ தன்னாட்சிப் பகுதி உருவானது. அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கில் அந்தப் பகுதியில் பாதிக்கு மேற்பட்டோர் வறியவர்கள்.

கடைக்காரர் கேட்க வேண்டிய செய்தி

வணிகப் பெருமக்களே, இது உங்களுக்கு. பிலிப்பைன்ஸின் சந்துகளில் 'சாரி-சாரி' என்ற சிறு கடைகள் இருக்கின்றன. நம் பெட்டிக்கடை மாதிரி, வீட்டு வாசலிலேயே நடப்பவை. பெரும்பாலும் பெண்கள் நடத்துகிறார்கள். அங்கே ஒரு சிகரெட், ஒரு சாஷே ஷாம்பு, சின்ன பிளாஸ்டிக் பையில் கட்டிய சமையல் எண்ணெய் என்று சில்லறையாகத்தான் வியாபாரம். இதற்கு 'டிங்கி' என்று பெயர். அன்றாடக் கூலிக்காரனிடம் ஒரு லிட்டர் வாங்கப் பணமில்லை. ஆகவே சொட்டுச் சொட்டாக வாங்குகிறான். கணக்குப் போட்டால் பணக்காரனைவிட அதிக விலை கொடுக்கிறான்!

அந்தக் கடைக்கு முதல் எங்கிருந்து வருகிறது? வங்கி கொடுக்காது. 'ஃபைவ்-சிக்ஸ்' கொடுக்கும். 5 வாங்கினால் 6 திருப்பித் தர வேண்டும். நம்மூர் கந்துவட்டிதான். இதில் நாம் தலைகுனிய வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கடன்காரருக்கு அங்கே வழங்கும் பெயர் 'பும்பாய்'. பம்பாய் என்ற ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. மோட்டார் சைக்கிளில் தினமும் வந்து வசூல் செய்பவர்களில் பலர் நம் நாட்டின் பஞ்சாபிலிருந்து போனவர்கள். மிந்தனாவோ முஸ்லிம்களுக்காக 1973-இல் அமானா வங்கி தொடங்கப்பட்டது. ஆனால் மற்ற வங்கிகளும் வட்டியில்லா முறையில் இயங்க வழிசெய்யும் சட்டம் 2019-இல்தான் வந்தது. இடைப்பட்ட 46 ஆண்டுகளில் எத்தனை கடைகள் வட்டியில் மூழ்கியிருக்கும்!

கடல் கடந்த சம்பாத்தியம்

நிலமும் கடனும் கிடைக்காதவனுக்கு என்ன மிச்சம்? பாஸ்போர்ட். 1974-இல் மார்க்கோஸ் ஆட்சி, ஆள் அனுப்புவதையே அரசின் கொள்கையாக்கியது. 2023-இல் வெளிநாட்டுப் பிலிப்பைன்ஸ்காரர்கள் வங்கி வழியே அனுப்பிய பணம் சுமார் 3,350 கோடி டாலர். அந்தப் பணத்தால் வீடுகள் எழும்பின, பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் தாயில்லாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. 1995-இல் சிங்கப்பூரில் ஃப்ளோர் கான்டெம்ப்ளேசியன் என்ற பணிப்பெண் தூக்கிலிடப்பட்டபோது நாடே கொதித்தது. அதன் பிறகுதான் வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பாதுகாக்கும் சட்டம் அதே ஆண்டில் பிறந்தது.

நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

இளைஞர்களே! "பிள்ளை அதிகம், அதனால் ஏழை" என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். 6 என்பது 1.9 ஆன கதையைச் சொல்லுங்கள். பிறகு, நிலம் யாரிடம், கடன் யாருக்கு, வேலை எங்கே என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அதே கேள்விகளை உங்கள் ஊரைப் பார்த்தும் கேளுங்கள். விசாவுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கேயே ஒரு தொழில் நடக்குமா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதலாளிமார்களே! உங்கள் கடையில் வேலை செய்யும் பையன் யாரிடம் வட்டிக்கு வாங்கியிருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா? நாளைக் காலை கடை திறந்ததும் அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்தால் ஒரு வட்டியில்லாக் கடன் நிதி தொடங்கிவிடலாம். பத்தாயிரம் ரூபாய் போதும், ஒரு விதவை இட்லிக் கடை போட்டுவிடுவாள். அவள் மகன் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்க மாட்டான்.

பிறக்கும் பிள்ளை வாயோடு மட்டும் வருவதில்லை. இரண்டு கைகளோடும் வருகிறது. அந்தக் கைகளுக்கு வேலை கொடுக்காத சமூகம், வாயை எண்ணிக் குறை சொல்வதில் நியாயமில்லை.