தாய்மார் மறைக்கும் தளர்ச்சி

(சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நமது வீட்டுக் கலியாணங்களில் மணமேடைக்கருகில் அமர்ந்து ஆரத்திப் பாட்டுப் பாடவேண்டிய பெரியம்மாள், கொல்லைக் கதவோரம் ஏன் உட்காருகிறாள்? கேட்டால், "காற்றுக்காக" என்பாள். உண்மை வேறு. இருமினாலும், தும்மினாலும், வாய்விட்டுச் சிரித்தாலும் அவளுக்கு நீர் கசிந்துவிடுகிறது. புடவை நனைந்துவிடுமோ என்னும் அச்சமே அவளை அங்கு இருத்துகிறது. இவ்வச்சத்தால் கோயிலையும் பிரயாணத்தையும் துறந்த தாய்மார் நம்முள் உண்டு. அவர்கள் பொருட்டே நாம் நாணத்தை விட்டுப் பேசத் துணிந்தோம்.

இடுப்பெலும்புக்குக் கீழே, முன்புறம் முதல் வாலெலும்பு வரையில், ஏணைத் துணி போன்று சில தசைகள் அமைந்துள்ளன. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குபவை இவையே. பிரசவத்தில் இவை மிகவும் விரிந்து நைகின்றன. தீராத இருமல், மலச்சிக்கலால் முக்குதல், ஓயாமற் பளுத் தூக்குதல், தேகப் பருமன், மாதவிலக்கு நின்றபின் உண்டாகும் மாறுதல் முதலியனவும் தளர்ச்சியை வளர்க்கும். இதனால் நீர் கசியலாம். கருப்பை இறங்கவும் கூடும். "பிள்ளை பெற்றால் இப்படித்தான்" என்று சொல்லி வாளாவிருத்தல் தகாது; இதற்குப் பரிகாரம் உண்டு.

1948-இல் ஆர்னால்டு கெகெல் என்னும் அமெரிக்க வைத்தியர் இத்தசைகளுக்குரிய அப்பியாசத்தைப் பிரசுரித்தார். வாயுவையும் சிறுநீரையும் ஒருங்கே அடக்குவதுபோல் உள்ளே மேல்நோக்கி இழுத்து, சில விநாடி நிறுத்தி, பின் முற்றிலும் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கலாகாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கலாகாது. வேளைக்கு 8 முறையேனும், நாளொன்றுக்கு 3 வேளை, 3 மாதம் விடாது செய்தல் வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது இதைப் பழகுதல் கூடாது. வலியுள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்கவேண்டும்.

கசிவுக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது பிழை. மலச்சிக்கல் மிகுந்து தீங்கு பெருகும். ஏதேனும் கீழிறங்குவதுபோல் தோன்றினாலும், உதிரம் கண்டாலும், எரிச்சலோ நீரடைப்போ இருந்தாலும் உடனே பெண் வைத்தியரை அணுகுக. உள்ளே பொருத்தும் வளையமும், வேண்டின் சத்திர சிகிச்சையும் இந்நாளில் உள்ளன.

சகோதரர்களே, உங்களுக்கும் கடமையுண்டு. பிரசவித்த பெண் தண்ணீர்க்குடத்தையும் அரிசி மூட்டையையும் எரிவாயுச் சிலிண்டரையும் தூக்க, நீங்கள் பார்த்திருத்தல் முறையோ? மாமியார்களே, மருமகள் சொல்லக் கூசுவதை நீங்களே அன்போடு கேளுங்கள்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நமது சங்கக் கலியாண மண்டபத்தில் பெண்கள் கழிப்பிடம் கொல்லையின் கடைக்கோடியில் உள்ளது. பெரியம்மாள் கதவோரம் அமர்வதற்கு அதுவும் ஒரு காரணம். வரும் தை மாத முகூர்த்தங்களுக்கு முன் கூடத்தையடுத்து ஒன்று கட்டித்தருமாறு நிர்வாக சபையாரை வேண்டுகிறோம். மேடையருகில் அவளுக்கு ஓர் இடம் காத்திருக்கட்டும்.