கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு காமிரா

(செகந்திராபாத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஓர் அன்பர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பூச்சிகளைக் கிட்டத்தில் படம் எடுப்பது பற்றிப் பேசுங்கள்" என்று காரியதரிசி சொன்னபோது எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. நான் கணக்கு எழுதி ரிடையர் ஆனவன்; காமிரா வித்வான் அல்ல. என்னிடம் இருப்பவை ஒரு பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவும், அதைவிடப் பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும்தான். பூச்சிகளை எடுப்பதற்கென்றே மேக்ரோ லென்ஸ் விற்கிறார்கள். விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வீடு திரும்பினேன்.

ஆனால் குறைந்த சாதனத்தோடு பூச்சியை உற்றுப் பார்த்த மகான் ஒருவர் நம் ஊரிலேயே இருந்திருக்கிறார். பேகம்பேட்டையில் பழைய விமான நிலையத்துக்கு அருகே சர் ரொனால்ட் ராஸ் பெயரில் உள்ள கட்டடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ராணுவ வைத்தியராக இங்கே இருந்த ராஸ், 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அவருடைய மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் அவர் வியர்வை பட்டே துருப்பிடித்திருந்தன. கண் வைத்துப் பார்க்கும் வில்லையில் மிஞ்சியது ஒன்றுதான், அதிலும் விரிசல். பங்கா இழுத்தால் கொசு பறந்துவிடும் என்று அதையும் வேண்டாம் என்றுவிட்டுப் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. லென்ஸ் இல்லையே என்று நான் அங்கலாய்க்கும்போதெல்லாம் அந்த விரிசல் விட்ட வில்லையை நினைத்துக்கொள்வேன்.

இனி வழிமுறைக்கு வருகிறேன். சாதாரண 50 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு ஒன்றரை அடிக்கும் கிட்டே போனால் படம் மங்கிவிடும். அதே லென்ஸைக் கழற்றி, முன்பக்கம் காமிராவைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினால் அது பூதக்கண்ணாடி ஆகிவிடுகிறது. இதற்கு 'ரிவர்ஸ் ரிங்' என்ற ஒரு வளையம் போதும். சில நூறு ரூபாய்தான். பூச்சியின் பிம்பம் ஏறக்குறைய அதன் நிஜ அளவிலேயே சென்ஸாரில் விழும். திருப்பி மாட்டிய லென்ஸோடு காமிராவுக்குத் தொடர்பு அறுந்துவிடுவதால், துவாரத்தைக் கையால் திருகிக் குறைக்க வளையம் உள்ள பழைய லென்ஸே இதற்கு உத்தமம். பரணில் கிடக்கும் அப்பாவின் பிலிம் காமிராவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

கஷ்டங்களும் உண்டு. பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே கையகலத் தூரம்தான் இருக்கும். போகஸ் செய்ய நாம்தான் முன்னும் பின்னும் அசைய வேண்டும். துவாரத்தை எஃப் 11 வரை சுருக்கினாலும் ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் துல்லியமாக விழும். கண் தெளிந்தால் கால் மங்கும். ஆகவே கண்ணைக் குறிவையுங்கள். துவாரம் சுருங்கினால் வெளிச்சம் போதாது, பிளாஷ் வேண்டும். நேராக அடித்தால் பூச்சி பளபளவென்று வெளுத்துவிடும். நான் பழைய வேஷ்டித் துண்டை இரண்டாக மடித்து பிளாஷுக்கு முன்னால் கட்டுகிறேன். வெளிச்சம் பூப்போல விழுகிறது. பிளாஷ் கண நேரமே மின்னுவதால், என்னைப் போல லேசாகக் கை நடுங்குகிறவர்களுக்கும் படம் ஆடாமல் வரும்.

நேரமும் முக்கியம். பூச்சிகளுக்கு நம்மைப் போல நிலையான உடம்புச் சூடு கிடையாது. வெயில் ஏறினால்தான் சுறுசுறுப்பு. மார்கழியில் வாசலில் கோலம் போடுகிற நேரத்தில் கே.பி.ஆர். பூங்காவிலோ, கொத்தகுடா தாவரவியல் தோட்டத்திலோ பாருங்கள். தும்பி பனித்துளியோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்கள் பிளாட் பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. ஒரு நாள் அதில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் புழு! சில நாளில் பச்சையாக மாறி, இலைகளை மொட்டையடிக்க ஆரம்பித்தது.

"ரசத்துக்கு ஒரு ஆர்க்கு இல்லை. இதை எடுத்துப் போட்டுடுங்கோ" என்றாள் ஆத்துக்காரி. "ஒரே ஒரு படம் எடுத்துட்டுப் போட்டுடறேன்" என்றேன்.

படத்தைப் பார்த்தவள், "இதுக்கு எவ்வளவு பெரிய கண்ணு!" என்றாள். அது கண்ணே இல்லை. பகைவரை மிரட்ட முதுகில் வரைந்துகொண்ட வேஷம். நிஜத் தலை கீழே மடங்கி இருக்கிறது. அதில் கடுகிலும் சிறிய கண்கள், பக்கத்துக்கு ஆறு. கொஞ்சம் நெருங்கியதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டியது. ஒரு நெடியும் வந்தது. அது நமக்கு விடுகிற எச்சரிக்கை. ஆத்துக்காரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போறது, இலையைக் கடையில வாங்கிக்கலாம்" என்றாள். அந்தப் புழுதான் கறிவேப்பிலை அழகி என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சியாக ஆகப்போகிறது என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

கூட்டிலிருந்து அது வெளியே வந்த நாளன்று நான் செய்ததைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க மனசு இடம் கொடுக்கவில்லை. பூச்சியைப் பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்தால் அசையாமல் இருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். பறந்துவிடுமோ என்ற அவசரத்தில், அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். புதிதாக வெளிவந்த வண்ணத்துப்பூச்சியின் இறக்கை ஈரத்துணி போல இருக்கும். தொங்கவிட்டு உலர்ந்தால்தான் விறைக்கும். டப்பாவின் சுவரில் மடங்கிய இறக்கை அப்படியே கோணலாக இறுகிவிட்டது. நல்ல பக்கம் தெரியும்படி படம் எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள். அது பறக்கவே இல்லை. மூன்றாம் நாள் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

"பறந்து போயிடுத்தா?" என்று ஆத்துக்காரி கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இங்கே பேசப்போகிறேன் என்று ஆனதும், போன வாரம்தான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். "அது தானாவே ஒரு மணி நேரம் அசையாம தொங்கிண்டுதானே இருந்திருக்கும்? காத்துண்டிருந்திருக்கலாமே" என்றாள். வாஸ்தவம். எனக்கு இல்லாமல் போனது அந்த ஒரு மணி நேரப் பொறுமைதான்.

இன்று திரையில் நான் காட்டிய படங்களில் அந்தப் படம் இல்லை. பால்கனித் தொட்டியில் இப்போது மறுபடியும் இரண்டு புழு இருக்கிறது. மருந்து அடிக்கவில்லை. நீங்களும் நாளைக் காலை உங்கள் தொட்டியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். எடுங்கள், ஆனால் தொடாதீர்கள். கொம்பை நீட்டினால் ஓரடி பின்னால் வந்துவிடுங்கள்.